தொடாமல் திரும்பும் தட்டு

முதலில் அந்தத் தேநீரைக் குடித்துவிடுங்கள், ஐயா. இது எருமைப் பால். ஆறினால் தோல் மாதிரி ஆடை கட்டிவிடும். காலையிலிருந்து நீங்களும் உங்கள் ஆட்களும் அலைகிற அலைச்சலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பள்ளிக்கூடத்துப் பெரிய மேடம் பிஸ்கட் வைத்தால் போதும் என்றார்கள். நான்தான் நாலு பஜ்ஜி போட்டேன். வெறும் வயிற்றோடு யாரும் எதையும் நிதானமாகக் கேட்க முடியாது.

தமிழ் பேசுகிற போலீஸ்காரர் வந்தது எனக்கு ஆறுதல். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், மகாதேவன் என்று பெயர் என்று நம் வேன் ஓட்டுகிற ஷாகுல் ஹமீது சொன்னான். மராத்திக்காரர் வந்திருந்தால் என் ஓட்டை இந்தியை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்லியிருப்பேன்.

"ஆயா, அந்தக் குழந்தைய நீங்க கடைசியா எப்போ பார்த்தேள்?" என்று கேட்டீர்கள். எல்லோரையும் கேட்ட கேள்விதான். புதன்கிழமை மதியம் என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். புதன்கிழமை மதியம், பிள்ளைகளெல்லாம் விளையாட்டு மைதானத்தில் இருந்த நேரம். இன்று சனிக்கிழமை. அவள் செம்பூர் ஸ்டேஷனில் ரயிலேறினாளா, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஏதாவது தமிழ் வீட்டில் அழுதுகொண்டு நிற்கிறாளா, துறைமுகத்தில் யாராவது பிடித்துக்கொண்டு போனார்களா என்று உங்களுக்கு ஆயிரம் யோசனை. வெளியே வரவேற்பறையில் அவள் அப்பா உட்கார்ந்திருக்கிறார். பிள்ளை காணாமல் போனது தெரியாமலே ரங்கூனிலிருந்து கிளம்பி, நேற்றுத்தான் கப்பலில் வந்து இறங்கினார். மகளுக்கென்று வாங்கிய பர்மாக் குடையை இன்னும் கையிலேயே வைத்திருக்கிறார். கீழே வைக்கச் சொன்னேன். கேட்கவில்லை.

சந்திரலேகா ஓடிப்போகிற பிள்ளை இல்லை, ஐயா. அவளை நான் அறிவேன். ஆனால் அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன் இந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுமையாகக் கேளுங்கள். இங்கே உள்ள மூலை முடுக்கு என்னைப்போல் யாருக்கும் தெரியாது.

இது பள்ளிக்கூடத்துக்காகக் கட்டியது இல்லை. பிள்ளைகள் படிக்க இவ்வளவு தடித்த சுவரை யார் எழுப்புவார்கள். முன்பு இது குருமடம். சாமியாராகப் போகிற வாலிபர்கள் தங்கிப் படித்த இடம். தாராவித் தோல் கிடங்கில் வேலை செய்த என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போனதும், பங்குச் சாமியார் என்னை இந்தச் சமையற்கட்டில் சேர்த்துவிட்டார். அப்போது எனக்குத் தலையில் ஒரு நரை இல்லை. சாமிமார்கள் போய், இந்த வெளிநாட்டுப் பள்ளிக்கூடம் வந்த பிறகும் நான் இருக்கிறேன். எந்தக் குழாயைத் திறந்தால் எங்கே தண்ணீர் வரும் என்று மேடத்துக்குச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

மேடம் நிறைய மாற்றிவிட்டார்கள். கோவிலில் பீடம் இருந்த இடத்தில் மேஜைப் பந்து ஆடுகிறார்கள். சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனப் பெட்டிக்குள் டெலிபோன் இருக்கிறது. பிள்ளைகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அப்பா அம்மாவிடம் அழுவார்கள். எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர்களின் பிள்ளைகள், தூதரகத்துப் பிள்ளைகள், பாரசீகம், ஜெர்மனி, ஆப்பிரிக்கா என்று பல தேசத்துப் பிள்ளைகள். சாப்பாட்டு மணி அடித்தால் ஏழெட்டு பாஷையில் பசிக்கும்.

ஒன்றை மட்டும் மாற்றவில்லை. உக்கிராணத்தைத் தாண்டி, கரிக் கிடங்கை ஒட்டி ஒரு அறை இருக்கிறது. காலையில் உங்கள் ஆட்கள் அதன் பூட்டை ஆட்டிப் பார்த்தார்கள். சாமிமார்களின் பழைய சாமான் என்று மேடம் சொன்னார்கள். மேடத்துக்கு அப்படிச் சொன்னது நான்தான். அடுத்தவர் மதத்துச் சாமானில் கை வைக்கக் கூடாது என்று நினைக்கிற நல்ல மனுஷி. அப்புறம் கேட்கவே இல்லை.

அது ஒடுக்க அறை. குருமடத்தில் ஞான ஒடுக்கம் என்று ஒன்று உண்டு. ஒருவர் தனியே ஒரு அறைக்குள் போய், பேச்சை விட்டு, மனுஷ முகத்தைப் பார்க்காமல் ஜெபத்திலேயே இருப்பார். சிலர் ஒரு வாரம், சிலர் ஒரு மாதம். சாப்பாடு கொடுக்க சுவரில் ஒரு உருளை வைத்திருந்தார்கள். பீப்பாய் மாதிரி மரத்தில் செய்தது, ஒரு பக்கம் மட்டும் திறப்பு. நான் இந்தப் பக்கம் தட்டை வைத்துத் திருப்புவேன். அந்தப் பக்கம் அவர் எடுத்துக்கொள்வார். அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது. காலித் தட்டு அதே வழியில் திரும்பி வரும். ஏதாவது வேண்டுமென்றால் உள்ளே இருப்பவர் உருளையை விரலால் தட்டுவார்.

தட்டு தொடாமல் திரும்பி வந்தால் அவர் ஒருசந்தி இருக்கிறார் என்று அர்த்தம். நீங்கள் உபவாசம் என்பதை நாங்கள் ஒருசந்தி என்போம்.

இது தெரியாமல் வந்த புதிதில் ஒரு தப்புச் செய்தேன். ஒரு தவசு காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில், இளம் சகோதரர் ஒருவரின் தட்டு தொடாமல் வந்துகொண்டே இருந்தது. எனக்குப் பயம் வந்து கதவைத் தட்டித் திறந்துவிட்டேன். அவர் வெளியே வந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவருடைய ஒடுக்கம் கெட்டுப்போயிற்று. அதிபராக இருந்தவர் லொரென்சோ சாமி. இத்தாலிக்காரர், தாராவியில் பல காலம் நம் ஊர் ஜனங்களுக்குப் பூசை வைத்து, நம்மைப்போலவே பேசுவார். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் என்னை முழங்காலில் நிற்க வைத்தார். வாலிபர்களெல்லாம் என்னைத் தாண்டிச் சாப்பிடப் போனார்கள்.

"பசி அவனுக்கு. ஒனக்கு என்னளா பயம்?" என்று கேட்டார். "தட்டு தொடாம வந்தா அது ஜெபம். ஜெபத்தத் தட்டி எழுப்பப்படாது. மண்டையில ஏத்திக்க."

ஏற்றிக்கொண்டேன், ஐயா. அதற்குப் பிறகு நான் அந்தக் கதவைத் தட்டியதே இல்லை.

குழந்தையைப் பற்றிக் கேட்டால் சாமியாரைப் பற்றிப் பேசுகிறாளே என்று கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். இரண்டும் ஒரே விஷயம்தான்.

குருமடத்தைப் பூனாவுக்கு மாற்றியபோது மற்ற சாமிமார்கள் முன்னால் போய்விட்டார்கள். லொரென்சோ சாமிக்கு வயதாகிவிட்டது, சொந்த ஊருக்கே அனுப்பிவிடலாம் என்று கப்பலில் இடம் எடுத்திருந்தார்கள். அவருக்குப் போக இஷ்டமில்லை. "இந்த வீட்ட விட்டுப் போறதுக்கு முந்தி ஒரு தடவ ஒடுங்கிக்கிடுதேன் மிக்கேலு" என்றார். மிக்கேலம்மாள் என்ற என் பெயரை அவர் ஒருநாளும் முழுசாகச் சொன்னதில்லை. "கப்பல் அன்னைக்கு நானே உருளையத் தட்டுதேன், அப்பத் தொற. நீ கூப்பிடாத." வீட்டில் அவரும் நானும் மட்டும்தான். அறைக் கதவை வெளியிலிருந்து பூட்டுவது வழக்கம். பூட்டினேன்.

முதலில் தட்டு ஒழுங்காகக் காலியாக வந்தது. பிறகு ஒருநாள் கரி லாரி வந்தது. கிடங்குக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒரே சுவர். கூடை கூடையாகக் கொட்டும்போது சுவரே அதிரும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் மரத்தை விரலால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கரி என்று நினைத்தேன். லாரி போன பிறகும் கொஞ்ச நேரம் வந்தது. அதையும் கரி என்றுதான் நினைத்தேன். கரி சரிந்துகொண்டே இருக்கும், ஐயா. கரியின் இயல்பு அது.

அன்று சாயங்காலத் தட்டு தொடாமல் வந்தது.

கப்பல் அன்று டாக்சி வந்து வாசலில் ஹாரன் அடித்தது. அவர் உருளையைத் தட்டவில்லை. கூப்பிடாதே என்று சொல்லியிருந்தார். நான் டாக்சிக்காரனிடம், சாமி முன்னாலேயே போய்விட்டார் என்று சொல்லி அனுப்பினேன். பூனாவில் இருப்பவர்கள் அவர் கப்பலேறிவிட்டார் என்று இருந்தார்கள். அவர் ஊரில் இருப்பவர்கள் அவர் வர மனமில்லாமல் இங்கேயே தங்கிவிட்டார் என்று இருந்திருப்பார்கள். யாரும் வந்து கேட்கவில்லை. ஒரு மனுஷன் இல்லை என்பது தெரிய யாராவது ஒருவர் தேட வேண்டும்.

நாற்றம் வரவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். செம்பூரில் எந்த நாற்றத்தை எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியும். ஒரு காற்றில் எண்ணெய்க் கம்பெனி, ஒரு காற்றில் தேவனார் குப்பைமேடு. பள்ளிக்கூடத்துக்காரர்கள் வந்தபோது நான் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தேன். வீடு எவ்வளவு சுத்தம் என்றார்கள்.

நான் ஒருநாளும் தட்டு வைக்கத் தவறவில்லை. இரவு வைப்பேன், காலையில் திருப்பி எடுப்பேன். இத்தனை வருஷமாக அவர் ஒருசந்தி இருக்கிறார். அந்த அளவு பக்தி உள்ளவரை நான் வேறு பார்த்ததில்லை.

உட்காருங்கள், ஐயா. பிள்ளையிடம் வந்துவிட்டேன்.

சந்திரலேகா போன வருஷம் வந்தாள். ரங்கூனில் கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று பேச்சு வந்ததும், அவள் அப்பா பிரம்மநாயகம் பிள்ளை ஜவுளிக்கடையை என்ன செய்வது என்று தெரியாமல், தாயில்லாத பிள்ளையை முதலில் இங்கே அனுப்பிவிட்டார். பத்து வயது. இங்கே கொடுக்கிற ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்கும் அவளுக்கு இறங்கவில்லை. என் பாஷை அவள் காதில் விழுந்ததும் சமையற்கட்டுக்கு வந்து நின்றாள். சோறு போட்டேன். பிறகு தினம் வருவாள். மாவுச் சாக்கின் மேல் உட்கார்ந்து, கால் ஆட்டிக்கொண்டு, புளிக்குழம்புச் சோறு தின்பாள். என் வயிற்றில் பிறந்த பிள்ளை இருந்திருந்தால்கூட இவ்வளவு ஒட்டியிருக்காது.

நான் உருளையில் தட்டு வைப்பதை வேலைக்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கிழவிக்குக் கிறுக்கு என்று விட்டுவிட்டார்கள். ஷாகுல் ஹமீது மட்டும் சீண்டுவான்.

"என்னா மிக்கேலக்கா, பெருச்சாளிக்கு தினமும் விருந்தா? ஒரு நாளைக்கு நாலு தடவ மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் வேன் ஓட்டுதேன், எனக்கு ஒருநாளாவது இப்படி மீன் துண்டு வச்சிருக்கியளா? காலிபீலி வீணாப்போவுது."

"ஒனக்கு வச்சா வேன் டயரு வெடிச்சிரும்லே. போ, போய்ப் பால்கேனை எறக்கு."

"பெருச்சாளி குண்டாயிட்டா ஒரு நாள் ஒங்களையே தின்னுரும், பாத்துக்கிடுங்க."

அவன் சிரிப்பான், நானும் சிரிப்பேன். அதோடு போயிற்று. பெரியவர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு, ஐயா. பதில் தேவைப்படாத கேள்வியைத்தான் கேட்பார்கள். பிள்ளைகள் அப்படி இல்லை.

புதன்கிழமை முழங்காலில் அடிபட்டு, விளையாடப் போகாமல் என்னிடம் வந்தாள். முந்தின ராத்திரி வைத்த தட்டை அன்று தாமதமாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"இது யாருக்கு ஆயா?"

"உள்ள இருக்கிற சாமிக்கு, கண்ணு."

"சாப்பிடவே இல்லையே."

"சாமி ஒருசந்தி. சாப்பிடாது."

"எத்தனை நாளா?"

"நீ இங்க வாரதுக்கு முந்தியே."

அவள் உருளைப் பக்கம் போனாள். உருளையைத் திருப்பி, அதன் திறப்பில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு என்னிடம் வந்து, பெரிய மனுஷி மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப சாமி செத்துப்போச்சு ஆயா."

அப்படிச் சொல்லக் கூடாது என்றேன்.

"ரங்கூன்ல எங்க கிளி செத்தப்பவும் கிண்ணம் அப்படியேதான் இருந்துச்சு. நான்தான் முதல்ல பாத்தேன். நீங்க பயப்படாதீங்க. நான் மேடம்கிட்ட சொல்றேன். ஆள் விட்டுத் தொறப்பாங்க. திட்ட மாட்டாங்க, நான் கூட நிக்கிறேன்."

எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது, அவ்வளவுதான். வயதான கை.

யோசித்துப் பாருங்கள். அவள் போய்ச் சொன்னால் மேடம் பூட்டை உடைப்பார்கள். ஜெபம் கெடும். என்னை ஒருமுறை முழங்காலில் நிற்க வைத்த காரியம் மறுபடி நடக்கும், இந்த முறை அவருக்கே நடக்கும். கண்ணால் பார்க்காத ஒன்றைச் செத்துப்போயிற்று என்று சொல்வதும் பாவம். அவள் நல்ல பிள்ளை. நேரில் பார்த்தால் தன் தப்பைத் தானே திருத்திக்கொள்வாள் என்று எனக்குத் தோன்றியது.

"மேடம்கிட்ட போறதுக்கு முந்தி நீயே பாத்துட்டு வந்து சொல்லு" என்றேன். நம்பி வந்தாள். அவள் கை சூடாக இருந்தது, விரலெல்லாம் மை. கதவைத் திறந்து உள்ளே விட்டேன். சாத்தினேன்.

இப்போது எழுந்து நிற்கிறீர்கள். அவசரம் ஒன்றும் இல்லை. பட்டினி போட்டேன் என்று நினைக்காதீர்கள். அன்று ராத்திரியிலிருந்தே தட்டும் தண்ணீரும் வைத்தேன். இரண்டு பேருக்கு வைத்தேன்.

முதலில் கத்தினாள். புதிதாக ஒடுக்கம் போகிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் தடுமாறுவார்கள். பிறகு உருளைக்குள் வாயை வைத்துப் பேசினாள். "ஆயா, இங்க ஒரு ஆளு உக்காந்திருக்கு. கூப்பிட்டாப் பேச மாட்டேங்குது." அவர்தான் சாமி, தொந்தரவு செய்யாதே என்று சொன்னேன். இன்னொரு முறை, "ஆயா, சாமிக்குக் கண்ணு இல்ல" என்றாள். கண்ணை மூடி ஜெபிக்கிறார் என்றேன். வெகு நேரம் கழித்து, "சொல்ல மாட்டேன் ஆயா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், தொறங்க" என்றாள்.

எதைச் சொல்ல மாட்டாள் என்று எனக்கு விளங்கவில்லை. சொல்வதற்கு அங்கே என்ன இருக்கிறது.

வியாழக்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு ஜெர்மன் பெண் கரண்டியை வைத்துவிட்டு, சுவருக்குள் யாரோ அழுகிறார்கள் என்று சொன்னாள். மற்றப் பிள்ளைகளும் காது கொடுத்தார்கள். ஒரு சின்னப் பெண் பயந்து மேஜைக்கு அடியில் போய்விட்டாள். மேடம் என்னைப் பார்த்தார்கள். தண்ணீர்க் குழாய்க்குள் காற்று, பழைய வீட்டில் அப்படித்தான் என்றேன். அன்று பித்தளைப் பாத்திரம் முழுவதையும் இறக்கி, கரிக் கிடங்குப் பக்கமாக உட்கார்ந்து துலக்கினேன். இருட்டும்வரை துலக்கினேன். உங்கள் தேநீர் வந்த தட்டில் முகம் தெரிகிறதல்லவா.

நேற்று பிரம்மநாயகம் பிள்ளை வந்ததும் என்னைத் தேடி அடுப்படிக்கே வந்தார். பெரிய வியாபாரி. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"தாயி, எங்க லேகாவுக்கு நீங்கதான் சோறு குடுப்பியளாம். ஒங்களப் பத்தித்தான் போன்ல பேசும்" என்றார். "கடைசியா நல்லாத் தின்னாளா?"

"நல்லாத் தின்னா ஐயா. வழிச்சுத் தின்னா" என்றேன்.

பொய் இல்லை. அன்று காலைத் தட்டு அப்படித்தான் வந்திருந்தது. அவர் என் காலைத் தொட வந்தார். நான் விலகிக்கொண்டேன். நாம் அதற்கெல்லாம் தகுதியானவர்கள் இல்லை.

நேற்று ராத்திரியிலிருந்து சத்தம் இல்லை. இன்று காலையில் இரண்டு தட்டும் தொடாமல் வந்தன. தண்ணீரும் அப்படியே இருந்தது. நான் உருளை முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டேன். பத்து வயதில், எங்கள் வேதத்தில் சேராத பிள்ளை, மூன்றாம் நாளே ஒருசந்திக்குப் போய்விட்டாள். வாலிபர்கள் பலருக்கு ஒரு மாதத்தில் வராதது. அந்தத் தகப்பனாரிடம் இதை எப்படிச் சொன்னால் சந்தோஷப்படுவார் என்று தெரியவில்லை. உங்களிடம் கேட்கலாம் என்றுதான் இந்தத் தேநீரைக் கொண்டு வந்தேன்.

சாவியா. என் இடுப்பில்தான் இருக்கிறது, எப்போதும் அங்கேதான் இருக்கும். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், தருகிறேன். கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் திருப்ப வேண்டும். மேடத்தைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், அவர்களுக்கு இதயம் சரியில்லை. தயவுசெய்து தட்டாதீர்கள், ஐயா. தட்டாமல் திறங்கள்.

*

வந்துவிட்டீர்களா. சட்டையெல்லாம் கரி. அந்தத் துண்டில் துடைத்துக்கொள்ளுங்கள், சுத்தமான துண்டுதான். இந்த ஏட்டு என்னை எழுந்திருக்கவே விடவில்லை, இல்லையென்றால் இன்னொரு தேநீர் போட்டிருப்பேன்.

பிள்ளைக்கு உயிர் இருக்கிறது என்று இவர் சொன்னார். இல்லை என்று நான் எப்போது சொன்னேன்.

கதவு திறந்த சத்தம் இங்கே கேட்டது. அதன் பிறகு யாரும் பேசவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. அப்புறம் யாரோ வாந்தி எடுத்தார்கள். உங்கள் ஆளாகத்தான் இருக்க வேண்டும். பிறகு ஷாகுல் ஹமீது அவளைத் தூக்கிக்கொண்டு இந்த வாசல் வழியாகத்தான் ஓடினான். என்னை ஒரு பார்வை பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் என்னைச் சீண்டாமல் தாண்டிப் போனது இதுதான் முதல் தடவை. பின்னால் பிரம்மநாயகம் பிள்ளை, "தாயி, அப்பா வந்துட்டேன், அப்பாவப் பாரு, தாயி" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். அவள் பார்க்கவில்லை. கண்ணை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கொடுத்தால் சரியாகிவிடும். சிறிது சிறிதாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அவள் மேல் ஒரு சாம்பல் நிறக் கம்பளி கிடந்ததைக் கவனித்தீர்களா. அது லொரென்சோ சாமியுடையது. ஓரத் தையல் நான் போட்டது. குளிருக்கு மடியில் போட்டுக்கொண்டு உட்காருவார். பிள்ளை அதை எடுத்துப் போர்த்திக்கொண்டு இருந்திருக்கிறாள். அவர் மடியிலிருந்து அவளாக எடுத்தாள் என்று நீங்கள் சொல்வீர்கள். அவர் கொடுத்தார் என்று நான் சொல்வேன். பத்து வயசுப் பிள்ளைக்கு அங்கே போய்க் கை நீட்டுகிற தைரியம் எங்கிருந்து வரும்.

என்ன கேட்டீர்கள். மறுபடி ஒருமுறை சொல்லுங்கள்.

சரி. சாமி உட்கார்ந்திருக்கிற நாற்காலி கதவுக்கு நேர் எதிரே இருக்கிறது என்கிறீர்கள். கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அவர்தான். புதன்கிழமை பகல் வெளிச்சத்தில் நான்தானே திறந்தேன், அப்போது அவரைப் பார்க்கவில்லையா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

எழுதிக்கொள்ளுங்கள். மிக்கேலம்மாளாகிய நான்தான் பிள்ளையை உள்ளே அனுப்பினேன். அனுப்பினேன் என்றால், தள்ளினேன். வாசலில் நின்றதுமே அவள் பின்னால் நகர்ந்து என் சேலைக்குள் முகத்தைப் புதைத்தாள். என் கையை விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. மறைக்க ஒன்றும் இல்லை, எல்லாம் நான் செய்ததுதான்.

ஆனால் சாமியை நான் பார்க்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். பூட்டில் சாவியைப் போடும்போதே கண்ணை இறுக்க மூடிக்கொண்டுவிட்டேன். தடவித்தான் அவளைத் தள்ளினேன், தடவித்தான் பூட்டினேன். ஜெபத்தில் இருக்கிறவர் முகத்தை நாம் பார்க்கக் கூடாதல்லவா, ஐயா.